பஸ்மிலா டீச்சரும் வாசல் செருப்புகளும்

எங்கள் பாடசாலைக்கு மேலிடத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றால் எனக்குத்தான் முதலில் தெரியும். மலசலகூடம் கழுவ பினாயில் போத்தல் வாங்கித் தருவார்கள். மற்ற நாட்களில் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்வரும் மலசலகூடம் அது. வருகிறவர்கள் அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கப் போவதில்லை. அவர்களுக்கு அதிபரின் அறைக்குப் பின்னால் வேறொன்றைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் பினாயில் வாசம் அலுவலகம் வரைக்கும் வரவேண்டுமாம். பதினொரு வருடமாக இந்தப் பாடசாலையைக் கூட்டுகிறேன், ஆசிரியர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுகிறேன். இப்போது அந்த வாசம் பட்டாலே எனக்குக் குமட்டுகிறது.

நான் எழுத வந்தது பஸ்மிலா டீச்சரைப் பற்றி. அவருக்கு முப்பத்திரண்டு வயது. மருதமுனையிலிருந்து ஸ்கூட்டியில் சாய்ந்தமருதுக்கு வந்து போகிறார். கணவர் கட்டாரில். நாலு வயதில் ஒரு மகள், அந்தப் பிள்ளைக்கு இழுப்பு. புழுதி பட்டால் நெஞ்சு விசில் அடிக்கும் என்று டீச்சரே சொல்லியிருக்கிறார். டீச்சருக்கும் எந்நேரமும் தடிமன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே பாடம் நடத்துவார். கோபம் வந்தால் வெண்கட்டியை எறிவார், அது ஒருநாளும் ஆள் மேல் பட்டதில்லை. இடது செருப்பின் வார் அறுந்து மாதக்கணக்காக ஊசி குத்தியிருந்தார். இவ்வளவுதான் ஆள். வழியில் கண்டால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

அவருக்குக் கொடுத்த வகுப்பு ஒன்பது சி. என் தேத்தண்ணி அறைக்கும் ஒன்பது சிக்கும் நடுவில் அரைச் சுவர்தான். அடுப்பில் கேத்தலை வைத்துவிட்டு நின்றால் எல்லாம் கேட்கும், கழுத்தை நீட்டினால் பார்க்கவும் முடியும். என் மகள் ஆகிலாவும் அந்த வகுப்பில்தான் படிக்கிறாள். பரீட்சைப் புள்ளியைக் கீழே இழுக்கிற பிள்ளைகளை அள்ளிப் போடுகிற வகுப்பு அது. வேறு ஆசிரியர்கள் அந்தப் பாடவேளைக்கு வந்து போனைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டுப் போவார்கள்.

பஸ்மிலா டீச்சர் வந்த முதல் கிழமை ஒரு கட்டுரையைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். றிஸ்கான் என்ற பிள்ளை எழும்பினான். பள்ளிவாசலில் கிராஅத் ஓதிப் பழகிய குரல். ஓர் எழுத்துப் பிழைக்காமல் கடைசிவரை வாசித்து முடித்தான்.

“இப்ப என்ன வாசிச்ச?” என்று கேட்டார் டீச்சர்.

“தெரியா டீச்சர்.”

“தெரியாவா? இவ்வளவு நேரமும் ஆர்ர வாய் அசைஞ்ச?”

“வாய் என்டயதான் டீச்சர். காதத்தான் வீட்ட வெச்சிட்டு வந்திட்டன்.”

வகுப்பு சிரித்தது. வெண்கட்டி பறந்து யன்னல் கம்பியில் பட்டது. டீச்சர் மூக்கை உறிஞ்சினார். பிறகு கேட்டார், “நீங்க ஒரு வீட்டுக்குப் போறீங்க. நேர உள்ள பூந்திருவீங்களா?”

“இல்ல டீச்சர். வாசல்ல செருப்பப் பாப்பம்.” சொன்னது ஆகிலா.

எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அது கைவந்த வேலை. வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்தால் உள்ளே அந்நிய ஆண்கள் இருக்கிறார்களா என்று தெரிந்துவிடும். இருந்தால் முக்காட்டை இழுத்துக்கொண்டு குசினிப் பக்கத்தால் போவோம். புதுச் செருப்பு மூன்று நாலு சோடி கிடந்தால் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். மணல் ஒட்டிய செருப்பென்றால் கடற்கரையிலிருந்து யாரோ வந்திருக்கிறார்கள். கதவைத் தட்டும்போதே உள்ளே பாதிக் கதை நமக்குத் தெரிந்திருக்கும்.

“அதுதான்,” என்றார் டீச்சர். “கட்டுரைக்கும் வாசல்ல செருப்பு கிடக்கு. அதப் பாக்காமப் பூந்தா இப்படித்தான், தெரியா தெரியா எண்டு வெளிய வருவீங்க.”

அன்று தொடங்கியது. கட்டுரையைக் கொடுத்ததும் யாரும் வாசிக்கக் கூடாது. கொப்பியால் பந்திகளை மூடிவிட வேண்டும். தலைப்பு, நடுவில் வரும் சிறு தலைப்புகள், படம், படத்துக்குக் கீழே உள்ள வரி, கண்ணில் படுகிற இலக்கங்கள், இவை மட்டும்தான் செருப்பு. அவற்றைப் பார்த்து உள்ளே என்ன இருக்கும் என்று ஒவ்வொருவரும் ஓர் ஊகம் எழுத வேண்டும். தனக்குத் தெரிய வேண்டிய ஒரு கேள்வியும் எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் கொப்பியை எடுத்து வாசிக்கலாம்.

“கிணற்றுக்குள் கடல்” என்று ஒரு கட்டுரை வந்தது. கரையோரக் கிணறுகள் உப்பாகிப் போவதைப் பற்றியது. றிஸ்கான் எழுதிய ஊகம், கிணற்றுக்குள் சுறா வளர்ப்பது எப்படி என்று. சுறா எங்கே, சுறா எங்கே என்று தேடிக்கொண்டே கடைசிவரி வரைக்கும் போய்விட்டான். உப்பு எப்படி மண்ணுக்குக் கீழால் வருகிறது என்று பிறகு அவனே எழும்பிச் சொன்னான்.

டீச்சர் அவனுடைய ஊகத்தைப் பெரிதாக எழுதிப் பின்சுவரில் ஒட்டினார். மேலே “பிழைத்த ஊகங்கள்” என்று தலைப்பு. சரியான ஊகத்துக்குச் சின்னச் சரி அடையாளம். பிழைத்த ஊகத்தோடு உள்ளே போய், ஏன் பிழைத்தது என்று கண்டுபிடித்து வருகிறவருக்குப் பெரிய சிவப்புச் சரி.

“பிழைக்கிறதுக்குப் பயப்படாதீங்க பிள்ளையள். எல்லாம் முன்னமே தெரிஞ்சா வாசிக்கத் தேவையில்லையே.”

இரண்டு மாதத்தில் பின்சுவர் நிறைந்துவிட்டது. கடைசி வாங்கில் தூங்குகிறவர்கள் சுவரில் ஏறுவதற்காகவே ஊகம் எழுதினார்கள். நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளை ஒருநாளும் விரித்துப் பார்த்ததில்லை. இவர்களைக் கேட்டுக் கேட்டு அதையும் செருப்புப் பார்த்து வாசிக்கப் பழகினேன்.

அந்த நேரம்தான் டீச்சருக்கு இடமாற்றம் வந்தது. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய தூரம், கடைசி மூன்று மைல் கிறவல் புழுதிப் பாதை. இழுப்புக்காரப் பிள்ளையைக் கூடக் கொண்டுபோகவும் முடியாது, விட்டுவிட்டுப் போகவும் முடியாது. இந்த ஆசிரியர் இங்கே தேவை என்று அதிபர் ஒரு கடிதம் கொடுத்தால் இடமாற்றம் நிற்கும். டீச்சர் அதிபரின் அறைக்குப் போனபோது நான் தேத்தண்ணித் தட்டத்தோடு உள்ளே நின்றேன்.

“கடிதம் எழுதலாம் டீச்சர்,” என்றார் அதிபர். “எழுதுறதுக்கு ஒரு காரணம் வேணுமில்ல? அடுத்த கிழமை கல்விக் கந்தோர்ல இருந்து சிவரூபினி மிஸ் வாறா, வாசிப்புப் பாடம் பாக்க. உங்கட அந்தச் செருப்பு முறைய அவக்குக் காட்டுங்க. ஆனா செருப்பெண்டு சொல்லப்படாது, அசிங்கம். ‘வாயில் நோக்கு’ எண்டு நான் பேர் வெச்சிரிக்கன்.”

“சரி சேர்.”

பக்கத்துக் கதிரையில் ஸஹீத் சேர் இருந்தார். மூத்த தமிழ் ஆசிரியர். பின்னேரத்தில் ரியூசன் வகுப்பு நடத்துகிறவர். தேத்தண்ணியோடு கொடுத்த பெட்டிஸ் பலகாரத்தைக் கடித்துக்கொண்டே சொன்னார், “ஒம்பது சியையா காட்டப் போறீங்க? அதுகள் வாயத் திறந்தா நம்மட மானம் போயிரும். சுறா வளர்க்கிற ஆக்கள்.”

“ஊகம் பிழைக்கலாம் சேர், அதுதான் இந்த முறையே…”

“பிழை வரப்படாது டீச்சர்,” என்றார் அதிபர். “வெளி ஆக்களுக்கு முன்னால பிழை வந்தா அது பிழைதான். கட்டுரைய ஸஹீத் சேர் தெரிஞ்செடுப்பார். ஊகங்களையும் அவரே எழுதித் தருவார்.”

ஸஹீத் சேரின் தாடியில் பெட்டிஸ் துகள் ஒட்டிக்கொண்டு ஏறி இறங்கியது. நான் வெற்றுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

டீச்சர் சம்மதிக்கமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். மூன்றாம் நாள் பாடசாலை விட்ட பிறகு மாடி வராந்தாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே கணினி அறை. தரைவிரிப்புப் போட்ட அறை என்பதால் எல்லோரும் காலணியை வெளியே கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். கதவு சாத்தியிருந்தது. வாசலில் வெள்ளைச் சப்பாத்துகள் வரிசையாக இருந்தன, பாதிக்குக் கிட்ட ஒன்பது ஏயின் மினுங்கும் சப்பாத்துகள். ஸஹீத் சேரின் தடித்த கறுப்புச் சப்பாத்தும், குதிகால் மடங்கிய அதிபரின் சப்பாத்தும் இருந்தன. சுவரோரமாக, மற்றவற்றிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஊசி குத்திய ஒரு செருப்புச் சோடி.

கதவுக்குள் கூட்டுக் குரல் கேட்டது. “…எனக் கூறுவார் என எதிர்பார்க்கிறேன்.”

“இன்னொருக்கா,” என்றது ஸஹீத் சேரின் குரல். “கடகடவெண்டு சொல்லப்படாது. யோசிக்கிற மாதிரி முகத்த வெச்சிட்டுச் சொல்லணும்.”

“எத்தின செக்கன் யோசிக்கிற சேர்?” ஒன்பது ஏயின் அர்ஷாத் கேட்டான்.

“அஞ்சு செக்கன். மேல ஃபேனப் பாத்துட்டு பொறகு கைய உயர்த்து.”

விளக்குமாற்றை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகளுக்கு யோசிப்பதுபோல் நடிக்கப் பழக்குகிறார்கள். கதவு திறந்து டீச்சர் வந்தார். செருப்பைக் கொழுவக் குனிந்தவர் என்னைக் கண்டார்.

“சபூறா ராத்தா, தேத்தண்ணி இரிக்கா?”

“முடிஞ்சி டீச்சர்,” என்றேன். கேத்தலில் அரைவாசி இருந்தது.

பாடம் காட்டுகிற நாள் வந்தது. ஒன்பது சியில் பத்தொன்பது பேர். அவர்களில் மனப்பாடமாக்கக்கூடிய பன்னிரண்டு பேரை எடுத்து, ஒன்பது ஏயிலிருந்து பத்துப் பேரைச் சேர்த்து, ஒரு வகுப்பு ஆக்கிவிட்டார்கள். மிச்சம் ஏழு பேர். வீட்டில் நிற்கச் சொன்னால் பெற்றோர் கேட்பார்கள் என்று அதிபர் என்னைக் கூப்பிட்டார்.

“உங்கட அறைக்குப் பின்னால இரிக்கிற சாமான் அறையில அந்த ஏழையும் வையுங்க சபூறா. உங்கட மகளும் அதுக்குள்ளதானே, சத்தம் போடாம பாத்துக்குவா. செருப்புகள உள்ள எடுக்கச் சொல்லுங்க. வாசல்ல கிடந்தா ஆக்கள் இரிக்கிற தெரியும்.”

முடியாது என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அதிபரின் முன்னால் வாய் வருவதில்லை. ஏழு பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். பகலுணவு அரிசி மூட்டைகள் அடுக்கிய அறை. பழைய பருப்பு வாசமும் எலிப் புழுக்கையும். பிள்ளைகள் மூட்டைகளின் மேல் ஏறி, செருப்பை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள்.

“சாச்சி, எங்கள ஏன் இதுக்குள்ள வெச்சிரிக்காங்க?” என்று கேட்டான் றிஸ்கான். “நான் இண்டைக்குச் சுறா சொல்லமாட்டன்.”

“கொஞ்ச நேரந்தான் மகன்.”

ஆகிலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “வாசல்ல செருப்பு இல்லாட்டி உள்ள ஒருத்தரும் இல்ல எண்டுதானே நினைப்பாங்க, உம்மா?”

வெளியே வந்து கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டேன். அதைப் போட்டது என் கை. யாரையும் சாட்டி எழுத எனக்கு வழியில்லை.

தட்டத்தை எடுத்துக்கொண்டு கணினி அறைக்குப் போனபோது பாடம் நடந்துகொண்டிருந்தது. சிவரூபினி மிஸ் பின்வரிசையில் இருந்தார். மெலிந்த, களைத்த முகம். பலகையில் கட்டுரையின் தலைப்பு மட்டும் இருந்தது: “கடலுக்குப் போன தெரு.” பக்கத்தில் உடைந்த சுவரின் படம் ஒன்று. பிள்ளைகள் கட்டுரையைக் கொப்பியால் மூடிக்கொண்டு இருந்தார்கள்.

அர்ஷாத் ஃபேனைப் பார்த்தான். ஐந்து செக்கன் சரியாக இருந்திருக்கும். கையை உயர்த்தினான்.

“கரையில் ஓரிடத்தில் கற்களைப் போட்டதால் அடுத்த இடத்தின் கரை அரிக்கப்பட்டது என எழுத்தாளர் இறுதியில் கூறுவார் என எதிர்பார்க்கிறேன்.”

தலைப்பிலும் கல் இல்லை, படத்திலும் கல் இல்லை. அடுத்த பிள்ளை ஃபேனைப் பார்த்தது. அதற்கடுத்த பிள்ளையும் பார்த்தது. இருபத்திரண்டு ஊகம், எல்லாமே சரி. அதிபர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். சிவரூபினி மிஸ் ஒருதரம் நிமிர்ந்து தானும் அந்த ஃபேனைப் பார்த்தார்.

“ஒரு பிள்ளையும் பிழைக்கல்லையே,” என்றார். “எல்லாம் தெரியுமெண்டா பிறகு என்னத்துக்கு வாசிக்கிற? டீச்சர், இந்தக் கட்டுரையப் பிள்ளையள் முதலே பாத்தவையா?”

“இல்ல மிஸ், இண்டைக்குத்தான்,” என்றார் அதிபர்.

“நான் டீச்சரைக் கேட்டனான்.”

எல்லோரும் பஸ்மிலா டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சர் என் கையிலிருந்த தட்டத்தைப் பார்த்தார்.

“இல்ல மிஸ்,” என்றார் டீச்சர். “இண்டைக்குத்தான் முதல்தரம் பாக்கிறாங்க.”

மூக்கைக்கூட உறிஞ்சவில்லை. அவ்வளவு தெளிவாக அவர் கதைத்து நான் கேட்டதில்லை.

சிவரூபினி மிஸ் கொஞ்சநேரம் பேனையை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு எழுதினார். எழுதினது நல்லதுதான் என்று பிறகு தெரிந்தது. நான் தேத்தண்ணியோடு வைத்த பெட்டிஸை அவர் தொடவில்லை. அவர் போனதும் அதிபரும் ஸஹீத் சேரும் அவருடைய பங்கையும் சேர்த்துத் தின்றார்கள். நான் ஓடிப்போய்க் கொண்டியைத் திறந்தேன். பிள்ளைகள் வியர்வையில் நனைந்து வெளியே வந்தார்கள். செருப்பைக் கீழே போட்டுக் கொழுவக்கூட இல்லை, கையில் பிடித்தபடியே நடந்தார்கள்.

கிழமை திரும்பமுன் டீச்சரின் கைக்குக் கடிதம் வந்தது. இடமாற்றம் நின்றுவிட்டது. பாடசாலை வாசலில் “வாயில் நோக்கு” என்று அதிபரின் படத்தோடு பெனர் தொங்கியது. ஸஹீத் சேர் ரியூசனில் “வாயில் நோக்கு – ஐம்பது மாதிரி ஊகங்கள்” என்று தாள் அடித்துக் கொடுத்தாராம். கட்டுரையை வாசிக்க ஆளில்லை, ஊகத்தை மட்டும் பாடமாக்குகிறார்கள். ஒருநாள் அந்தத் தாள் கூட்டும்போது என் விளக்குமாற்றில் அகப்பட்டது. குப்பையோடு சேர்த்து எரித்தேன்.

கடிதம் வந்த மறுநாள் டீச்சர் ஒன்பது சிக்கு வந்து புதுக் கட்டுரையொன்றைக் கொடுத்தார். கொப்பியால் மூடச் சொன்னார். மூடினார்கள். ஊகம் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை.

“என்ன, ஒருத்தருக்கும் ஒண்டும் தோணல்லையா? றிஸ்கான்?”

“சரியான ஊகத்தச் சொல்லித் தாங்க டீச்சர். பாடமாக்கிட்டு வாறன்.”

“அஞ்சு செக்கன் யோசிப்பம் டீச்சர்,” என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. “ஃபேன்தான் நம்மட வகுப்பில இல்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பல்ல அது. வெண்கட்டி பறக்கும் என்று நினைத்தேன், பறக்கவில்லை. டீச்சர் கைப்பைக்குள் தேடினார். அவருக்கு எதையும் வைத்துப் பாடம் நடத்துகிற பழக்கம் உண்டு. மின்பட்டியல், டெங்கு அறிவித்தல், மீன் சுற்றிவந்த கடதாசி என்று கையில் அகப்பட்டதையெல்லாம் செருப்புப் பார்க்கக் கொடுப்பார். இப்போது ஒரு நீளக் கடித உறையை எடுத்துத் தூக்கிப் பிடித்தார்.

“சரி, கட்டுரைய விடுங்க. இது எனக்கு வந்த கடிதம். மேல முத்திரை இரிக்கு, என்ட பேர் இரிக்கு. உள்ள என்ன இரிக்கும்?”

பிறகு ஒருவன், “டீச்சருக்குப் பரிசு,” என்றான். “டீச்சருக்குக் கட்டாருக்கு விசா,” என்றான் றிஸ்கான். இரண்டுக்கும் இல்லையென்று தலையை ஆட்டினார். முகம் கொஞ்சம் இளகியது. ஆகிலா எழும்பினாள்.

“டீச்சர் இங்கயே நிக்கலாம் எண்டு இரிக்கும். அதுக்காக எங்க ஏழு பேரையும் சாமான் அறையில ஒளிச்சு வெச்சதும் இரிக்கும். எங்கட உம்மாதான் கொண்டி போட்டா.”

நான் அரைச் சுவருக்குக் கீழே குனிந்துவிட்டேன். கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது, இறக்கக் கை போகவில்லை.

“முதல் சொன்னது இரிக்கு,” என்றது டீச்சரின் குரல். “ரெண்டாவது இதில எழுதல்ல.”

“அப்ப அது பிழைச்ச ஊகமா டீச்சர்? சுவர்ல ஒட்டவா?”

பிறகு டீச்சர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“பிழை இல்ல ஆகிலா. சரி. எழுதல்லைதான், ஆனா நடந்தது அதுதான். அந்த மிஸ் கேட்ட நேரம் நான் பொய் சொன்னன். தூரத்துக்குப் போகப் பயந்துட்டன்.”

“அப்ப கடிதத்தத் திருப்பிக் குடுப்பீங்களா டீச்சர்?” என்று கேட்டான் றிஸ்கான்.

“இல்ல,” என்றார் டீச்சர். “குடுக்கமாட்டன்.”

அந்த ‘இல்ல’வைக் கேட்டு எனக்கு வந்த அருவருப்பு இன்னும் போகவில்லை. ஆனால் அந்தப் பாடசாலையில் பதினொரு வருடத்தில் ஒரு பெரிய ஆள் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துச் சொன்ன உண்மை, நான் கேட்டவரையில், அந்த ஒன்றுதான்.

அடுத்த கிழமை றிஸ்கான் ஓர் ஊகம் எழுதினான், அதுவும் படுபிழை. பின்சுவரில் ஏறியது. மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தொடங்கினார்கள். ஆகிலா இன்னும் எழுதவில்லை. வீட்டில் என்னோடும் தேவைக்குத்தான் கதைக்கிறாள்.

கடிதத்தைப் பற்றிச் சொன்ன அன்று இடைவேளைக்கு டீச்சர் என் அறை வாசலில் வந்து நின்றார். “தேத்தண்ணி இரிக்கா ராத்தா?” என்று கேட்டார். இருக்கிறது என்றேன். சீனி போட்டு ஆற்றிக் கொடுத்தேன். அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.